கடையைத் திறப்பவர் யார், மூடுபவர் யார்?
கொல்லிமலை: அடிவாரத்தின் வரலாறு – 14

சென்ற இதழில் 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தைப் பார்த்தோம். கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியில் தொடங்கும் காடு அதற்குப் பின் ஊர்க்காரர்களின் காடாக இல்லை, சர்க்கார் காடாகிவிட்டது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1886-இல், அதே சர்க்கார் இன்னொரு சட்டம் போட்டது. சென்னை அப்காரி சட்டம் என்று பெயர். வனச் சட்டம் மரத்தின் மேல் கை வைத்தது. அப்காரி சட்டம் அந்த மரத்தின் பாளையில் வடியும் கள்ளின் மேலும் கை வைத்தது. இந்த இரண்டாவது சட்டத்தின் பேரப்பிள்ளைகளோடுதான் நாம் இன்றும் வாழ்கிறோம். அதனால் இந்த இதழில் மலையை விட்டுக் கொஞ்சம் இறங்கி, சேலம், சென்னை, டெல்லி என்று சுற்றி வர வேண்டியிருக்கிறது.

அப்காரி முறை எளிமையானது. கள் இறக்க வேண்டுமானால் மரத்துக்கு வரி கட்ட வேண்டும். வரி கட்டிய மரத்துக்கு எண் போடுவார்கள். எண் இல்லாத மரத்தில் முட்டி கட்டினால் குற்றம். கள்ளுக்கடை, சாராயக்கடை நடத்தும் உரிமை ஆண்டுதோறும் ஏலத்துக்கு வரும். அதிகம் கேட்டவருக்குக் கடை. சாராயம் ஊரில் காய்ச்சக்கூடாது, ஒப்பந்தக்காரரின் வடிசாலையிலிருந்து வரும். ஆக, வெள்ளைக்கார அரசு நேரடியாகக் கள் விற்கவில்லை. விற்கும் உரிமையை விற்றது. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். எடுக்க வேண்டுமானால் ஊர் குடித்தாக வேண்டும். சென்னை மாகாணத்தின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு இந்த வழியில் வந்தது. நில வரிக்கு அடுத்த இடம் கலாலுக்குத்தான்.

1919-ஆம் ஆண்டின் சீர்திருத்தத்துக்குப் பிறகு இந்த வருமானம் இன்னும் இக்கட்டான ஒன்றாக மாறியது. கல்வியும் கலாலும் இந்திய அமைச்சர்களின் கையில் வந்தன. பள்ளிக்கூடம் திறக்கப் பணம் வேண்டும், பணம் கள்ளுக்கடையிலிருந்து வருகிறது. கடையை மூடினால் பள்ளிக்கூடத்தையும் மூட வேண்டியதுதானே என்று கேட்டவர்கள் அன்றே இருந்தார்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தகப்பன் குடிக்க வேண்டுமா என்று காந்தி மனம் வெந்து கேட்டதும் இதைப் பார்த்துத்தான். இன்றைய சட்டமன்றத்தில் இந்த விவாதம் நடக்கும்போது பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் மகளிர் உதவித்தொகை, இலவசப் பேருந்து, காலை உணவு என்று சொற்கள் வந்திருக்கின்றன. வாதம் நூறு வருடங்களாக ஒன்றேதான்.

சேலம் மாவட்டம் இந்தப் போராட்டத்தின் நடுவில் இருந்தது. ஒத்துழையாமைக் காலத்தில், 1921-இல், ஈ.வெ.ராமசாமி சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பில் கள்ளுக்கு விட்டிருந்த 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஈரோட்டில் அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கினார்கள். வீட்டுப் பெண்கள் கடை வாசலில் வந்து நின்றதும் அரசு திகைத்தது. தொண்ணூறு வருடங்களுக்கு மேல் கழித்து அரசின் டாஸ்மாக் மதுக்கடை வாசலில் நின்ற பெண்களுக்கு அவர்கள்தான் முன்னோடிகள்.

ராஜாஜி வேறு வழியில் வந்தார். அவர் சேலத்தில் வழக்கறிஞர், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். காரவள்ளியிலிருந்து மேற்கே பார்த்தால் வெகு தூரம் இல்லை. நாமக்கல்லைத் தாண்டினால் வந்துவிடும். கதர் நூற்பு, மருந்தகம், சேரியில் குடியை விடச் சொல்லிப் பேசுவது என்று ஆசிரமத்துக்கு அன்றாட வேலைகள் இருந்தன. 1929-இல் அங்கிருந்து 'விமோசனம்' என்ற இதழ் வந்தது. மதுவிலக்குக்காக மட்டுமே நடத்தப்பட்ட தமிழ் இதழ். ராஜாஜி ஆசிரியர், கல்கி துணை ஆசிரியர். பத்து இதழ்களோடு நின்றுபோனாலும், கல்கி என்ற கதைக்காரர் பக்குவப்பட்டதில் அந்த ஆசிரமத்துக் குடிசைக்குப் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். குடிகாரனைக் கெட்டவனாக வைத்து அந்த இதழ் எழுதவில்லை. கடை இருப்பதால்தான் குடிக்கிறான், கடையை வைத்தவன் யார் என்று கேட்டது. 'திக்கற்ற பார்வதி' என்று ராஜாஜி எழுதிய கதையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. நல்ல குடும்பம், ஒரு கடை, ஒரு நீதிமன்றம், கடைசியில் ஒருத்தியின் அழிவு.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். பதவியேற்ற மூன்று மாதத்துக்குள் 1937-ஆம் ஆண்டின் 10-வது சட்டம் நிறைவேறியது. சென்னை மதுவிலக்குச் சட்டம் அதுதான். அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை, சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா தனது மதுவிலக்கைக் கைவிட்டு நான்கு வருடம்கூட ஆகவில்லை. உலகமே தோற்றுப்போனது என்று ஒதுக்கிய ஒன்றை ஒரு மாவட்டத்தில் செய்து பார்க்கிறேன் என்று துணிந்தார். ஆளுநர் எர்ஸ்கினுக்கு வருமானம் என்ன ஆகும் என்ற கவலை. ராஜாஜிக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனாலும் செய்தார்.

அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பெரிய மாவட்டம். ஓசூர் முதல் கொல்லிமலை வரை ஒரே நாளில் எல்லாக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. சட்டத்தின் 4-வது பிரிவு காய்ச்சுவதையும் விற்பதையும் மட்டும் தடுக்கவில்லை, வைத்திருப்பதையும் குடிப்பதையும்கூடக் குற்றமாக்கியது. அனுமதிச் சீட்டு பெறுவோருக்கு மட்டும் விலக்கு. சீட்டு வாங்கத் தெரிந்தவர்கள் யார், தெரியாதவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தை நடத்தியவர் டிக்சன் என்ற ஆங்கிலேய ஆட்சியர். குடிப்பழக்கம் உள்ள சீமையிலிருந்து வந்த ஒருவர், குடியை ஒழிக்கும் வேலையை மனம் ஒன்றிச் செய்தது அந்தக் காலத்து அதிகாரிகளிடையே எளிதில் காணக்கூடியது இல்லை. கடையை மூடினால் மட்டும் போதாது, மாலை நேரத்தில் உழைத்துக் களைத்தவன் எங்கே போவான் என்று யோசித்தார்கள். ஊர்களில் விளையாட்டு, பஜனை, கூத்து, தேநீர்க்கடை, சிறுசேமிப்பு எல்லாவற்றுக்கும் ஏற்பாடு நடந்தது. மதுவிலக்கை வெறும் போலீஸ் வேலையாக நினைக்காமல், மனிதனின் மாலைப் பொழுதைப் பற்றியும் அரசு கவலைப்பட்ட அந்த ஓரிரு வருடங்கள் பின்னாளில் எந்த ஆட்சியிலும் திரும்ப வரவில்லை. எனக்கு அதில் பெரிய ஆதங்கம் உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்தார். குடிக்குப் போன காசு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியது, கந்துவட்டிக் கடன் இளகியது என்பது அந்த ஆய்வின் சாரம். மதுவிலக்கின் பயனைச் சொற்பொழிவில் மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு அது கணக்காகக் கிடைத்தது.

இப்போது காரவள்ளிக்கு வருவோம். சேலம் மாவட்டம் மட்டும்தான் வறண்டது. கொல்லிமலையின் மேற்குச் சரிவு காரவள்ளியில் இறங்கி நாமக்கல்லுக்குப் போகிறது. கிழக்குச் சரிவு புளியஞ்சோலையில் இறங்கித் துறையூருக்குப் போகிறது. துறையூர் திருச்சி மாவட்டம். அங்கே 1937 அக்டோபரிலும் கடை திறந்தேதான் இருந்தது. மலையின் ஒரு பக்கத்தில் முட்டி கட்டினால் சிறை, மறுபக்கத்தில் மரவரி கட்டினால் போதும். இன்றைக்குப் பேருந்து வளைந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் அன்று இல்லை. மிளகு மூட்டையும் சாமை மூட்டையும் தலைச்சுமையாக ஒற்றையடிப் பாதைகளில் இறங்கிய காலம். அந்தப் பாதைகள் மாவட்ட எல்லையைப் பார்த்துப் போடப்பட்டவை அல்ல. ஒரு மாவட்டத்தை மட்டும் வறட்சியாக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைச் சட்டசபையில் நடந்த நீண்ட விவாதங்களைவிட இந்த மலையின் படம் ஒன்றே போதும்.

எல்லைச் சிக்கலைப் போக்க மதுவிலக்கை விரிவாக்கினார்கள். 1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களிலும் 1939-இல் வட ஆற்காட்டிலும் வந்தது. மலைகளில் வேறொரு சிக்கல் இருந்தது. தண்ணீர் உள்ள ஓடை, விறகு உள்ள காடு, வெல்லம், வேலம்பட்டை இருந்தால் ஊறல் போட வேறு எதுவும் வேண்டாம். சமவெளியில் கடை மூடினால் மலையில் அடுப்பு எரியும். சேர்வராயன், கல்வராயன், கொல்லி மூன்றுக்கும் இதே கதை. ஊறல் போட்டவனைத் தேடி மலை ஏறிய போலீஸ், பெரும்பாலும் பானையைச் சுமந்த ஏழையைப் பிடித்தது. வெல்லம் வாங்கப் பணம் கொடுத்தவர் சமவெளியில் இருந்தார். மதுவிலக்கை ஆதரிக்கிற நான் இந்தப் பகுதியை மறைத்து எழுத முடியாது. அந்தச் சட்டம் மலைக்குப் புதிதாகக் கொண்டுவந்தது காவல் நிலையத்தைத்தான்.

மூடிய கடைகளின் வருமானத்தை எங்கே தேடுவது? ராஜாஜியின் பதில்தான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1939-இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பொருள் விற்பனை முழுவதன் மீதும் இப்படி வரி போட்டது இந்தியாவில் அதுவே முதல்முறை. 20,000 ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள வியாபாரி நூற்றுக்கு அரை ரூபாய் கட்ட வேண்டும். வியாபாரிகள் கொதித்தார்கள். வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. 1942-இல் போட்டு பைடன்னா வழக்கில், விற்பனை வரி போட மாகாணத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. குடிக்கிற ஏழையிடம் வாங்கியதை விற்கிற வியாபாரியிடம் வாங்குவது என்பதே ராஜாஜியின் எண்ணம்.

இதை இன்றைய கணக்கோடு வைத்துப் பாருங்கள். 2023-24-இல் டாஸ்மாக் வழியாகத் தமிழ்நாடு அரசுக்கு 45,855 கோடி ரூபாய் வந்தது. அதில் கலால் தீர்வை சுமார் 10,800 கோடி, மீதி 35,000 கோடிக்கு மேல் மதிப்புக் கூட்டு வரி. அதாவது விற்பனை வரி. மதுக்கடையை மூடுவதற்காகக் கண்டுபிடித்த வரி, மதுக்கடையிலேயே மிக அதிகமாக வசூலாகிறது. இதைப் படிக்கும்போது எனக்கு வருத்தம் தொண்டையை அடைக்கிறது.

1939 அக்டோபரில் உலகப் போரைக் காரணமாக வைத்துக் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. ஆளுநரும் ஆலோசகர்களும் நடத்திய ஆட்சி 1943-இல் மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. போருக்குப் பிறகு 1946-இலிருந்து மாவட்டம் மாவட்டமாக மீண்டும் வந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு ஆனது. மரமேறிகளுக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். பின்னர் வந்த அரசமைப்புச் சட்டம் 47-ஆவது கூறில் மதுவிலக்கை அரசின் கடமைகளில் ஒன்றாக எழுதியது. மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும், மதுவின் மேல் தீர்வை போடும் அதிகாரமும் மாநிலப் பட்டியலுக்குப் போயின. தடுக்க வேண்டியதும் அதிலிருந்து சம்பாதிக்கக் கூடியதும் ஒரே கையில்.

1948-க்குப் பிறகு இருபத்து மூன்று ஆண்டுகள் தமிழ்நாடு வறண்ட மாநிலம். அந்தக் காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குச் சாராயக்கடையின் வாசலே தெரியாது. கள்ளச்சாராயம் இருந்தது. ஆனால் ஊர்நடுவில் கடை இல்லை.

1971 ஆகஸ்ட் 30 அன்று மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. அவர் சொன்ன காரணங்களில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு இழப்பீடு தருவதாகச் சொன்ன மத்திய அரசு, ஏற்கனவே நடத்திக்கொண்டிருந்த தமிழ்நாட்டுக்கு எதுவும் தரவில்லை. அண்டை மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கடைகளைத் திறந்துவிட்டன. நெருப்பு வளையத்துக்குள் கற்பூரம் எத்தனை நாள் இருக்கும் என்ற அவருடைய உவமை பிரபலமானது. 1937-இல் துறையூர்ச் சரிவில் ஒரு மாவட்டம் சந்தித்த சிக்கலை 1971-இல் ஒரு மாநிலமே சந்தித்தது. 92 வயது ராஜாஜி, வேண்டாம் என்று கெஞ்சக் கோபாலபுரம் வீட்டுக்கே கொட்டும் மழையில் போனார். அரசியலில் அவருடைய பல முடிவுகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த மழையில் போன முதியவரைப் பற்றி எழுதும்போது கை தானாகப் பணிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார்.

கருணாநிதியே 1973-இல் கள்ளுக்கடைகளையும் 1974-இல் சாராயக்கடைகளையும் மூடி மதுவிலக்கை மறுபடி கொண்டுவந்தார். அதே 1974-இல்தான் 'திக்கற்ற பார்வதி' படமாக வந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். கடைகளைத் திறந்தார். 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், தொடங்கப்பட்டு மொத்த விற்பனை அதன் கைக்குப் போனது. 1987 ஜனவரியில் கள்ளும் சாராயமும் தடை. 1990-இல் மலிவு விலை மது, 1991-இல் ஜெயலலிதா அதற்குத் தடை. ஒரு மாவட்டத்தில் ஒரு சட்டத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் மூன்று ஆட்சிகள் போய்விட்டன. இந்த வேகத்தில் மலைக்கு எந்தச் செய்தி எப்போது வந்து சேர்ந்திருக்கும்?

2003 நவம்பர் 29 அன்று சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. அதற்கு முன் கடைகள் ஏலத்தில் தனியாருக்குப் போயின. ஏலக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து விலையைக் கட்டுப்படுத்துகிறார்கள், அரசுக்கு வர வேண்டிய பணம் வருவதில்லை என்பது ஜெயலலிதா அரசின் வாதம். அது பொய் இல்லை. ஆனால் அந்த வாதம் முழுவதும் பணத்தைப் பற்றியது. எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மது விற்பனையை அரசே ஏற்பது உலகத்தில் புதிதும் இல்லை. சுவீடனின் கோதன்பர்க் நகரில் 1865-இல் ஒரு முறை வந்தது. மது விற்பதில் தனியாருக்கு லாபம் இருக்கும்வரை குடி குறையாது, எனவே லாபத்தை எடுத்துவிடு என்பது அதன் எண்ணம். நார்வேயின் வின்மொனோபோலெட், பின்லாந்தின் அல்கோ, இன்றைய சுவீடனின் சிஸ்டம்போலாகெட் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஞாயிற்றுக்கிழமை மூடுவது, அதிகம் வாங்கினால் தள்ளுபடி தராமல் இருப்பது, விற்பனையைத் தூண்டாமல் இருப்பது என்று அவை நடக்கின்றன. அங்கே ஏகபோகம் குடியைக் குறைக்கக் கையாளும் கருவி. இங்கே நாம் ஏகபோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தை விட்டுவிட்டோம். 2003-04-இல் சுமார் 3,640 கோடியாக இருந்த வருமானம் இருபது வருடத்தில் 45,000 கோடியைத் தாண்டியது. தீபாவளிக்கு எத்தனை கோடிக்கு விற்றது என்பது செய்தித்தாளில் மழை அளவு மாதிரி வருகிறது.

இன்னொன்றும் உண்டு. டாஸ்மாக்குக்குச் சில்லறை விற்பனையின் தனியுரிமையைக் கொடுக்கும் விதி எந்தச் சட்டத்தில் இருக்கிறது தெரியுமா? 1937-ஆம் ஆண்டின் அதே 10-வது சட்டத்தில். பெயர் மட்டும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்று மாறியிருக்கிறது. சேலத்துக் கடைகளை மூட எழுதிய சட்டத்தில் 17-சி என்று ஒரு பிரிவைச் செருகி, அதன் கீழ் கடைகள் திறக்கின்றன. 4-வது பிரிவும் அப்படியே இருக்கிறது. அரசுக் கடையில் வாங்காமல் வேறு எங்கும் வாங்கிக் குடித்தவரைத் தண்டிக்க அது இன்னும் பயன்படுகிறது.

2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் கட்டு இன்னும் இறுகியது. மனிதர் குடிக்கும் மது அந்த வரிக்குள் வராது என்று அரசமைப்புத் திருத்தத்திலேயே எழுதப்பட்டது. பெட்ரோல், டீசலும் இப்போதைக்கு வெளியே. மாநில அரசு தன் விருப்பப்படி வரியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பெரிய பொருள்கள் இவ்வளவுதான். 1939-இல் ராஜாஜிக்கு மாற்று வரி ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் சுதந்திரம் இருந்தது. இன்றைய எந்த முதலமைச்சருக்கும் அது இல்லை. மதுவிலக்குக் கேட்கும் நாமும் இதைப் பேச வேண்டும். மாநிலத்தின் வரி அதிகாரத்தைப் பேசாமல் கடையை மூடு என்று மட்டும் சொன்னால் நம் கோரிக்கை தேர்தல் வாக்குறுதிகளில் தங்கிவிடும். ஐநூறு கடைகளை மூடுவதாக 2016-இல் ஜெயலலிதாவும், 2017-இல் எடப்பாடி பழனிசாமியும், 2023-இல் மு.க. ஸ்டாலின் அரசும் அறிவித்து மூடினார்கள். வருமானம் குறையவில்லை.

கடை எங்கே இருக்கலாம் என்பதில் நீதிமன்றம் தலையிட்டது. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னர் 20,000-க்குக் குறைவான மக்கள் உள்ள ஊர்களுக்கு 220 மீட்டர் என்று குறைத்தது. நெடுஞ்சாலையிலிருந்து எடுத்த கடை ஊருக்குள் வந்தது. ஊருக்குள் வந்ததும் பெண்கள் எழுந்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணை ஒரு காவல் அதிகாரி அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2015 ஜூலை 31 அன்று, சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தார். 1937-இல் முதல் மதுவிலக்கு வந்த மாவட்டத்தின் பிள்ளை அவர். ஒரே ஒரு கடையை இடம் மாற்ற ஓர் உயிர் வேண்டியிருந்தது.

ஒரு கடையை மூட ஓர் ஊருக்கு ஏன் இவ்வளவு பாடு? கொல்லிமலையில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. மலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர். 14 நாடுகளாகப் பிரிந்து, ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்று தமக்குள் ஒரு நியாய முறையை வைத்திருந்தவர்கள். 1996-இல் நாடாளுமன்றம் பழங்குடிப் பகுதிகளின் ஊராட்சிகளுக்காகப் பெசா என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. மதுவைத் தடைசெய்யவோ, விற்பனையைக் கட்டுப்படுத்தவோ கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் அது அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குத்தான் பொருந்தும். ஆந்திரம், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற பத்து மாநிலங்களில் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை. எனவே ஒடிசாவின் ஒரு மலைக்கிராமத்துப் பெண் சட்டப்படி கேட்கக்கூடியதைக் கொல்லிமலையின் வளப்பூர் நாட்டுப் பெண் கேட்க முடியாது.

பழங்குடி அல்லாத ஊர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஓர் ஊரின் பெண் வாக்காளர்கள் வாக்கெடுப்புக் கேட்கலாம். வாக்குச் சீட்டில் இரண்டு பாட்டில் படங்கள். நிற்கும் பாட்டில், கிடக்கும் பாட்டில். பாதிக்கு மேல் பெண்கள் கிடக்கும் பாட்டிலுக்கு வாக்களித்தால் கடை மூட வேண்டும். ஆந்திரத்தில் 1992-இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் ரோசம்மா போன்ற எழுத்தறிவு வகுப்புப் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு, 1995-இல் அந்த மாநிலத்தின் முழு மதுவிலக்குவரை போனது. இரண்டே வருடத்தில் வருமானத்தின் பேரில் அதுவும் தளர்த்தப்பட்டது. ஆனாலும் மகாராஷ்டிரத்தின் அந்த வாக்குச் சீட்டு முறை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு விதிகளில் பள்ளி, கோயிலிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்ற அளவு மட்டும்தான் இருக்கிறது. அதைத் தாண்டி நின்றால் ஊர் வேண்டாம் என்றாலும் கடை சட்டப்படி சரி.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் டாஸ்மாக் கடைகள் மூடப்படுகின்றன. அதே நான்கு நாட்களிலும் கிராம சபைகள் கூடுகின்றன. கடை மூடியிருக்கும் நாளில் கடை வேண்டாம் என்று தீர்மானம் போடுகிறார்கள், மறுநாள் கடை திறக்கிறது. ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவின்போது மலைப் பகுதியின் கடைகளை மூட மாவட்ட நிர்வாகம் உத்தரவிடும். திருவிழா நாளில் மூட முடிந்த கடையை ஊர் கேட்கும் நாளில் மூட முடியாது என்பதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பது அரசு எப்போதும் சொல்லும் பதில். கடைகள் திறந்திருக்கும்போதே 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் மனிதர்களைக் கொன்றது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல வீடுகளில் கூலி வேலை செய்த ஒரே ஆண் போனார். அதன் பிறகு சட்டமன்றம் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வு பற்றித் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவமனை, வேலை என்று கேள்வி கேட்டது. சாராயத்தைத் தேடிப் போன நீதிமன்றம் பேருந்து வசதியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. கல்வராயனில் வாழ்பவர்களும் கொல்லியில் வாழ்பவர்களும் ஒரே மலையாளிப் பழங்குடியினர்.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலை ஆல்ககாலையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பீப்பாயில் வரும் ஆல்ககாலைக் கண்காணிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. அதே மாதம் 2-ஆம் தேதி உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டார்கள். 1971-இல் டெல்லி தராத இழப்பீட்டிலிருந்து அந்தக் கோரிக்கைக்குத் தொடர்ச்சி இருக்கிறது.

கள்ளுக்கும் இதில் ஒரு இடம் உண்டு. பனை நம் மாநில மரம். கள் இறக்கினால் குற்றம், ஆனால் தொழிற்சாலையில் வடித்துப் பாட்டிலில் அடைத்ததை அரசே விற்கலாம் என்ற நிலைக்கு எதிராகச் செ. நல்லசாமியின் கள் இயக்கம் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. மதுவிலக்குக்காரனான எனக்கு அந்தக் கோரிக்கை முழுவதும் உடன்பாடு இல்லை. ஆனால் மரமேறியைக் கைது செய்யும் அரசு கைகளில் பாட்டிலோடு நிற்பதற்கு எந்த நியாயமும் எனக்கும் தென்படவில்லை.

கொல்லிமலையை ஐந்தாவது அட்டவணைப் பகுதியாக அறிவிக்கக் குடியரசுத் தலைவரின் ஆணை போதும். நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வேண்டியதில்லை. மாநில அரசு கேட்க வேண்டும், அவ்வளவுதான். பச்சைமலை, கல்வராயன், சேர்வராயன், ஜவ்வாது, நீலகிரி, சித்தேரி என்று பழங்குடியினர் வாழும் எல்லா மலைகளுக்கும் இது பொருந்தும். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கடையை வைக்கவும் எடுக்கவும் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரியை 2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளில் சேர்க்கச் சென்னையில் ஒரு அரசாணை போதும்.

அந்த 14 நாடுகளின் பஞ்சாயத்துகள் வழக்குகளை எப்படித் தீர்த்தன, அந்த முறையில் எது மிஞ்சியிருக்கிறது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)